பயம் நீக்கிய ஆடுகள்

ராதாபுரம்
22 ஜூன் 2025

அன்புள்ள நிஷா,

நீ கேட்டபடி கையால் எழுதுகிறேன். கம்பெனி கொடுத்த போனில் நாம் பேசுவதையெல்லாம் அவர்கள் பார்க்க முடியும் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இங்கே வந்து ஒப்பந்தத்தைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. கால்நடைக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் அத்தனை வருடம் இருந்தோம், ஒரு கடிதம்கூட எழுதிக்கொண்டதில்லை. என் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும் என்று கேலி செய்வாயே, இப்போது நீயே உட்கார்ந்து படி.

நான் நலம். அம்மா ஏரலிலேயே இருக்கிறாள். இங்கே வந்து என்னோடு இரு என்றால், ஆற்றுத் தண்ணீர் குடித்த வாய்க்கு ராதாபுரத்துத் தண்ணீர் இறங்காது என்கிறாள். பண்ணை ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் பனை, உடைமரம், காற்றாலை. மேலாளர் ஸ்ரீவிஷ்ணு நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுகிறார். இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன். இனி உன் ஆடுகளைப் பற்றி.

எல்லாம் நம் பக்கத்துக் கன்னி ஆடுகள்தான். கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. கருவிலேயே ஒரு ஜீனைத் திருத்திப் பயத்தை எடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. கொட்டகைக்குள் கால் வைத்தால்தான் தெரிகிறது. சத்தமே இல்லை நிஷா. தீவன வாளி உருண்டாலே ஆட்டுக்கொட்டகை என்ன பாடு படும் என்று உனக்குத் தெரியும். இங்கே காற்றாலை சுற்றுவதுதான் கேட்கிறது. எல்லாம் நின்று அசைபோடுகின்றன. ஊசி போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம், உதை வாங்க வேண்டாம்.

போன வாரம் ஒரு பெட்டையின் பின்கால் வேலிக் கம்பியில் மாட்டிக் கிழிந்திருந்தது. எப்போது மாட்டியது என்று யாருக்கும் தெரியாது. தோல் உரிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் காலையே ஊன்றிக்கொண்டு அது எட்டி எட்டி வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தது. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தேடிப் போனோம். இங்கே ஆடு மேய்க்கிற சாரம்மாள் என்றொரு அம்மா உண்டு. அவள் கிட்டே வரவில்லை. “சத்தம் போடாத உருப்படியை எப்படிம்மா காவல் காக்கது?” என்று கேட்டாள். நான் தனியாகத்தான் காலைக் கழுவித் தைத்தேன்.

பயத்தை எடுத்தோம் என்றுதானே சொன்னாய்? வலியையும் எடுத்துவிட்டீர்களா? மறக்காமல் பதில் போடு.

உன் ரீபா


பெங்களூரு
4 ஜூலை 2025

அன்பின் ரீபா,

அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. மருந்துக்கடைக்காரர்களுக்கு என் அனுதாபம்.

வலியை நாங்கள் தொடவில்லை. ஆபத்து என்று மூளை கண்டதும் உடம்புக்குச் செய்தி போகும் அல்லவா, அந்தப் பாதையில் ஒன்றைத்தான் அடைத்திருக்கிறோம். அந்தப் பெட்டை ஏதோ விதிவிலக்காக இருக்கும். குழை தின்னும் ஆசையில் காலை மறந்திருக்கும். வேலிக் கம்பியை முதலில் மாற்றச் சொல்.

நீ இதைப் பாராட்டி ஒரு வரி எழுதுவாய் என்று நினைத்தேன். எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடைசி வருடம் மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்கு நம்மை அழைத்துப் போனார்களே, நினைவிருக்கிறதா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம். லாரியின் பின்கதவைத் திறந்தபோது மூலையில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செத்துக் கிடந்தன. நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. பயத்தில் நெருக்கிச் செத்தவை. நீ வாந்தி எடுத்தாய், நான் அழுதேன். அறுக்கும்போது கத்தியை ஆட்டுக்குக் காட்டக்கூடாது, ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நாட்டில் யார் அதைப் பார்த்துச் செய்கிறார்கள்? மனிதர்களை மாற்ற முடியாது ரீபா. ஆட்டிடமிருந்தாவது அந்த நடுக்கத்தை எடுத்துவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இத்தனை வருடம் படித்தது இதற்காகத்தான்.

இங்கே மேலே இருப்பவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள். பயப்படாத ஆட்டை நெருக்கி அடைக்கலாம், சீக்கிரம் எடை ஏறும். அது அவர்கள் கணக்கு. என்னுடையது அதில்லை.

காயல்பட்டினம் பக்கம் போனால் உம்மாவைப் பார்த்துவிட்டு வா. மகள் ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கிறாளா ஆட்டைச் செய்கிறாளா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை.

பிரியமுடன்,
கமர் நிஷா


ராதாபுரம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நிஷா,

உன் மனம் எனக்குத் தெரியும். அந்த லாரியை நானும் மறக்கவில்லை. அதனால்தான் இதை உனக்கு எழுத இவ்வளவு தாமதம். எப்படி எழுதினாலும் குற்றம் சாட்டுவதுபோல வருகிறது. நான் குற்றம் சாட்டவில்லை. பயந்துபோயிருக்கிறேன்.

ஒரு குட்டி தீவனத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிச் செத்தது. பிறந்து நடக்கத் தொடங்கிய குட்டி. கத்தியிருந்தால் யாராவது ஓடியிருப்போம். தாய் மூன்று அடி தள்ளி நின்று மடி கனத்துப் பால் சொட்டச் சொட்ட அசைபோட்டது. தேடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

பிறகு நாய்கள் வந்தன. காலையில் நான் வண்டியை நிறுத்தும்போதே பின்பக்க வலை கிழிந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே போனேன். ஒரு இளம்பெட்டையை மூன்று நாய்கள் தின்றுகொண்டிருந்தன. அதற்கு உயிர் இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பக்கத்தில் மற்ற ஆடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று ஓடவில்லை, ஒன்று முட்டவில்லை. நாயின் முதுகு உரசுகிற தூரத்தில் ஒரு ஆடு கடலைக்கொடி தின்கிறது. அந்தக் கொட்டகையில் அலறியது நான் ஒருத்திதான். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஸ்ரீவிஷ்ணு வந்து பார்த்துவிட்டு, வலையை இரட்டையாக அடிக்கச் சொன்னார். செத்தவற்றின் விழுக்காடு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. தீவனம் போடுகிற ஆள் வேலைக்கு வந்த புதிதில் ஆடுகளைத் தட்டிக் கொடுத்துத்தான் நகர்த்துவான். இப்போது காதைப் பிடித்து இழுக்கிறான். வயிற்றில் உதைத்து ஒதுக்குகிறான். ஏன் என்று கேட்டேன். “அதுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா டாக்டரம்மா” என்றான். கெட்டவன் இல்லை. வீட்டில் கோழிக்கும் பூனைக்கும் பேர் வைத்திருப்பவன்.

அவனைத் திட்டிவிட்டு என் அறைக்கு வந்து மருந்துப் பெட்டியைத் திறந்தேன். மரத்துப்போகிற ஊசி மருந்து அப்படியே இருந்தது. எப்போதிலிருந்தோ நான் அதைத் தொடவே இல்லை நிஷா. கட்டியைக் கீறினேன், தையல் போட்டேன், குளம்பு வெட்டினேன். ஆடு சும்மா நின்றது, நானும் வேலையை முடித்துவிட்டுப் போனேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எந்த இடத்தில் விட்டேன் என்றுகூட நினைவில்லை. என் கை தானாக விட்டுவிட்டது. முன்பெல்லாம் ஆடு துள்ளும், அந்தத் துள்ளல்தான் என் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தது போலிருக்கிறது.

சாரம்மாள் கொட்டகைக்குத் தனியாகப் போக மறுக்கிறாள். நான் போகிறேன், போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் வாசலில் நின்று ஒரு முறை சத்தமாக இருமிவிட்டுத்தான் நுழைகிறேன்.

என்ன செய்யலாம் சொல்.

ரீபா


பெங்களூரு
30 ஆகஸ்ட் 2025

ரீபா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வேலையில் மனம் ஓடவில்லை.

மேலே பேசினேன். இறப்பு விழுக்காட்டைக் காட்டினார்கள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஆற்றங்கரை ஊர்களில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கிடாக்களை இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். ஊர் ஆடுகளோடு சேரட்டும், குட்டிகள் எப்படி வருகின்றன பார்க்கலாம் என்கிறார்கள். வாங்குகிறவர்களிடம் ‘சாதுவான உயர்ரகக் கிடா’ என்று மட்டும் சொல்லப் போகிறார்களாம். நான் மறுத்தேன். என் வேலை ஆய்வுக்கூடத்தோடு முடிந்தது என்று பதில் வந்தது.

நீ எழுதியதில் ஒரு வரி என்னை விடவில்லை. நாய்கள் தின்றபோது அந்த இளம்பெட்டை தலையைத் தூக்கிப் பார்த்தது என்றாய். ஒன்றும் உணராத ஆடு ஏன் தலையைத் தூக்கியது?

எனக்காக ஒன்று செய். நாங்கள் இங்கே பார்த்ததெல்லாம் கேமராவில். ஓடுகிறதா, கத்துகிறதா, நடுங்குகிறதா என்று எண்ணினோம். எதுவும் இல்லை, பயம் போய்விட்டது என்று எழுதினோம். ஆட்டின் நெஞ்சில் யாரும் காது வைக்கவில்லை. ஒரு ஆட்டுக்கு எதிரே நாயைக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேள். ஒன்றுமில்லை என்றுதான் வரும். வரவேண்டும் என்று துஆ செய்கிறேன்.

அதுவரை வெளியில் யாரிடமும் சொல்லாதே. என் பெயர் வெளியே வந்தால் எனக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது. கெஞ்சிக் கேட்கிறேன்.

நிஷா


ராதாபுரம்
14 செப்டம்பர் 2025

நிஷா,

நீ சொன்னபடி செய்தேன். ஸ்ரீவிஷ்ணு திருநெல்வேலிக்குப் போயிருந்த பகலில் செய்தேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். இந்த ஆடுகளுக்கு இதயத் துடிப்பு இயல்பிலேயே கொஞ்சம் அதிகம் என்று வந்த நாளிலிருந்து நான் குறித்துக்கொண்டு வருகிறேன். திருத்தத்தின் விளைவாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். நான் கேட்கும்போதெல்லாம் அதிகமாகத்தான் இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் ஊசியும் கத்தியுமாக நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்குச் சாரம்மாளை உடன் வைத்துக்கொண்டேன். கால் கிழிந்து ஆறிய அந்தப் பெட்டையை வெளியே வேப்பமரத்தடியில் கட்டினோம். சாரம்மாள் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை மட்டும் நீட்டி வைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் துடிப்பு இறங்கியது. எல்லா ஆட்டுக்கும் இருப்பதுபோல நிதானமாக அடித்தது. அதை அங்கே நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

பிறகு சாரம்மாள் போய் அவள் வீட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். பனை ஓரத்தில் நாய் தெரிந்ததுமே என் காதில் அடி விழத் தொடங்கியது. கிட்டே வர வர ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் இடையில் இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆடு அசைபோடுகிறது. காது ஆடவில்லை, தோல்கூடச் சிலிர்க்கவில்லை. முகம் அமைதியாக இருக்கிறது. உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கிறது நிஷா. உயிர்போகிற ஓட்டம் ஓடுகிறது, கால்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

நாயைக் கொண்டுபோகச் சொன்னேன். பிறகு என் கையில் வெறும் ஊசியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். அதே அடி.

நீங்கள் பயத்தை எடுக்கவில்லை. அதைச் சொல்வதற்கு ஆட்டிடம் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டீர்கள். வலியும் அப்படித்தான் இருக்கவேண்டும். நான் மரத்துப்போக வைக்காமல் கீறிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கொட்டகையாகப் போய்ப் பார்த்தேன்.  சாரம்மாள்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

இதைவிட மோசமான செய்தி, மூன்று நாளைக்கு முன்பே லாரி வந்துவிட்டது. நான்கு கிடாக்கள் ஆற்றங்கரைக்குப் போயிருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் ஏரலுக்கே. ஷேக் மைதீன் அண்ணாச்சி என்று, அம்மாவின் தெருவுக்கு அடுத்த தெரு, ஆடு வளர்த்து விற்பவர். அவர் வாங்கியிருக்கிறார். அம்மா போனில் சொல்கிறாள், அவ்வளவு சாதுவான கிடாவை ஊரே பார்த்ததில்லையாம், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுகிறார்களாம். அதன் நெஞ்சில் அப்போது என்ன அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி நான் சும்மா இருக்கமாட்டேன். ஆனால் நான் ஒரு பண்ணை டாக்டர். என் பேச்சு எடுபடாது. இதைச் செய்தவள் நீ. நீ வந்து உன் வாயால் சொன்னால் நம்புவார்கள். வேலை போகும், எனக்கும் போகும். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. காயலில் இறங்கி உம்மாவைப் பார்த்துவிட்டு ஏரலுக்கு வா. நான் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரீபா


ஏரல்
30 நவம்பர் 2025

அன்புள்ள நிஷா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உன் சொந்த எண்ணில் கூப்பிட்டேன், உபயோகத்தில் இல்லை என்கிறது. காயல்பட்டினம் போய் உம்மாவைப் பார்த்தேன். வட்டலப்பம் வைத்துக் கொடுத்தார்கள். உன்னைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது, பெரிய பொறுப்பு, வாரம் ஒருமுறை பேசுகிறாய் என்று சொன்னார்கள். நம் இருவருக்கும் ஏதும் மனத்தாங்கலா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இந்தக் கடிதத்தை அவர்களிடமே கொடுக்கிறேன், அவர்கள் அனுப்பிவைப்பார்கள்.

நான் வேலையை விட்டுவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பண்ணையைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். அம்மா அதைப் படித்த நாளிலிருந்து வாசற்கதவைப் பகலிலும் தாழ் போடுகிறாள். தெருவில் புது வண்டி நின்றால் எனக்கும் திக்கென்றுதான் இருக்கிறது. துணிச்சல்காரி என்று நினைத்துவிடாதே.

ஷேக் மைதீன் அண்ணாச்சியிடம் முதலில் போனபோது அவர் சிரித்தார். “ஆடு முட்டலை, கத்தலை, இதுல உங்களுக்கு என்னம்மா கொறை?” என்றார். ஜீன், கரு என்று நான் விளக்க விளக்க அவர் முகம் என்னைவிட்டு விலகிக்கொண்டே போனது. திரும்பிவிடலாம் என்றிருந்தது. கடைசியில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன். கிடாவின் நெஞ்சில் வைத்து, அவருடைய வேலையாளைச் சும்மா ஒரு கம்பை ஓங்கச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பைக் கீழே போடு என்று கையைக் காட்டினார். அப்புறமும் காதிலிருந்து எடுக்கவில்லை. கிடா அவரைப் பார்த்தபடி அசைபோட்டது.

“இத்தனை நாளும் என்கிட்ட இப்படித்தான் நின்னுச்சா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேறு பக்கம் திரும்பினேன். தெருப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறியபோது தானும் நின்று சிரித்ததை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் அவரே கிடாவைக் காயடித்துவிடச் சொன்னார். சாரம்மாள் ராதாபுரத்திலிருந்து பேருந்து ஏறித் துணைக்கு வந்தாள். மரத்துப்போகிற ஊசியை இரண்டு இடத்தில் போட்டேன். போதுமா என்று ஆட்டின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது அல்லவா? அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஊசி குத்தினதும் கையைத் தூக்கினார், நிறுத்தினேன். மருந்து இறங்கக் காத்திருந்தோம். “இப்பம் பைய அடிக்குது” என்று அவர் சொன்ன பிறகுதான் கத்தியைத் தொட்டேன். நடுவில் இன்னொரு முறை கையைத் தூக்கினார். இன்னொரு முறை காத்திருந்தேன்.

மற்ற மூன்று ஊர்களுக்கும் இப்போது அவரே என்னோடு வருகிறார். இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள், திரும்பவும் போகவேண்டும். ஆனால் அதற்குள் எத்தனையோ பெட்டைகள் சினையாகிவிட்டன. மாசி வாக்கில் குட்டி போடும். பாதி ஊர் ஆடு, பாதி உன் ஆடு. அவை கத்துமா, கத்தாதா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். 

நீ பதில் போடாததில் முதலில் எனக்கு ரொம்பக் கோபம். நிஷாவுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை, அங்கே நிம்மதியாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே வாய் கசந்தது. சத்தம் வரவில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்து ஒரு தடவை தப்புச் செய்திருக்கிறேன். உன் விஷயத்தில் அதைச் செய்யமாட்டேன்.

இனி உன்னை வா என்று கூப்பிடவும் மாட்டேன். குட்டி போடுகிற காலத்தில் நான் ஏரலில்தான் இருப்பேன். ஷேக் மைதீன் அண்ணாச்சி வீட்டுத் தொழுவில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிறக்கிற ஒவ்வொரு குட்டியின் பக்கத்திலும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும், அது கத்தினாலும் கத்தாவிட்டாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரீபா